கிணற்றில் மஞ்சள் தண்ணீர்: அன்னபேதி போட்டால் சரியாகுமா? மண்ணைத் தோண்டாமல் குரோமியத்தை அடக்க வழி உண்டா?

பாலாற்றுக்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் ராணிப்பேட்டை சிப்காட்டுக்குப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் மாமனார் காலத்துக் கிணறு, 45 அடி ஆழம். அதை ஒட்டி ஒரு போர். மழைக்காலம் முடிந்து தை மாத வாக்கில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிடுகிறது. கலங்கல் கிடையாது. கண்ணாடி டம்ளரில் பிடித்தால் அடிவரை தெளிவாகத் தெரியும், ஆனால் எலுமிச்சை பிழிந்த மாதிரி ஒரு நிறம். துணி துவைக்கும் தொட்டியின் சுவரில் ஈரம் காய்ந்த இடத்தில் மஞ்சளாக உப்புப் பூக்கிறது. அக்காவின் மாமியாருக்குக் கையெல்லாம் அரிப்பு, வெடிப்பு.

போன வாரம் ஒருவர் வந்து, "நாலு மூட்டை அன்னபேதி வாங்கிப் போடுங்கள், குரோமியம் எல்லாம் அடியில் படிந்துவிடும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தென்னைக்கு வைக்கும் அதே அன்னபேதிதான். வீட்டில் எல்லோரும் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். போடலாமா? உண்மையிலேயே இருந்த இடத்திலேயே இதைச் சுத்தம் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கெமிஸ்ட்ரி வாத்தியார்

தம்பி, முதலில் அந்தத் தண்ணீரைக் குடிக்க, சமைக்க, குளிக்க எதற்கும் எடுக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும், குரோமியம் பாத்திரத்திலேயே தங்கி இன்னும் அடர்த்தியாகும்.

குரோமியத்தில் இரண்டு முகம் உண்டு. குரோமியம் 3 பச்சை நிறம், சாதாரண மண்ணில் கரையாமல் ஒட்டிக்கொள்ளும், ஆபத்து குறைவு. குரோமியம் 6 மஞ்சள் நிறம், தண்ணீரோடு தண்ணீராக ஓடும். புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருப்பது இந்த ஆறைத்தான். நம் நாட்டுக் குடிநீர் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். கண்ணுக்கு மஞ்சள் தெரிகிறது என்றாலே அந்த வரம்பைப் பல மடங்கு தாண்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்னபேதி சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்ஃபேட் என்ற இரும்பு உப்பு. அதில் உள்ள ஃபெரஸ் இரும்பு குரோமியம் 6-ஐ குரோமியம் 3-ஆக மாற்றும், பாடப்புத்தகத்திலேயே இருக்கிற வினை அது. ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு வேண்டும். எடைக்கணக்கில் பார்த்தால் 1 கிலோ குரோமியம் 6-க்கு ஏறக்குறைய 16 கிலோ அன்னபேதி. ஆனால் அது டிரம்மில் அடைத்து வைத்த தண்ணீருக்கான கணக்கு. உங்கள் கிணறு டிரம் இல்லையே! இன்று போட்டதை நாளைக்கு ஊறிவரும் தண்ணீர் தள்ளிவிடும். அடியில் துருச்சேறு நிற்கும், ஊற்றுக்கண் அடையும், மறுபடியும் மஞ்சள் வரும்.

முதலில் சோதனை. அமிலம் சேர்த்த தண்ணீரில் டைபினைல் கார்பசைடு கரைசல் சில சொட்டு விட்டால், குரோமியம் 6 இருந்தால் சில நிமிடத்தில் இளஞ்சிவப்பாக மாறும், அதிகம் இருந்தால் ஊதா. குரோமியம் 3-க்கு நிறம் வராது. கிணறு, போர், பக்கத்து வீட்டுக் கிணறு, மூன்றிலும் தனித்தனி பாட்டிலில் எடுத்து ஏதாவது கல்லூரி ஆய்வகத்தில் கொடுங்கள். எந்தக் கிணறு, எந்தத் தேதி, எத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்று பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள்.

ரிக் வண்டி

போர் போடுகிறவன் நான். ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் எல்லோரும் "மேல் தண்ணீர்தான் கெட்டது, 800 அடி போட்டுக் கொடு" என்பார்கள். நாங்களும் போட்டுக் கொடுப்போம். கேசிங் பைப்பை மொரம்பு தாண்டிக் கடினப்பாறை தட்டும் வரை இறக்கி நிறுத்திவிடுவோம். பைப்புக்கும் பாறைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை சிமெண்ட் பால் விட்டு அடைக்க வேண்டும். அதற்குத் தனிக் காசு என்பதால் யாரும் கேட்பதில்லை.

ஒரு வீட்டில் புதுப் போரிலும் மஞ்சள் வருகிறது என்று கூப்பிட்டார்கள். கேமரா இறக்கிப் பார்த்தேன். 62 அடியில் பைப் முடிகிற விளிம்பில் மஞ்சள் நீர், கண்ணீர் கன்னத்தில் வழிகிற மாதிரிப் பாறையோடு வழிந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அதுவரை சுத்தமாக இருந்த ஆழத்துத் தண்ணீருக்கு நாங்களே வழி வெட்டிக் கொடுத்திருக்கிறோம். அன்றிலிருந்து அடைக்காமல் போர் போடுவதில்லை. தயவுசெய்து ஆழமாகப் போனால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஊற்றுக்கண்

நான் நிலத்தடி நீர் வேலை பார்ப்பவன். ரிக் வண்டி அண்ணன் சொன்னதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இருந்த இடத்திலேயே சுத்தம் செய்ய முடியும், உலகத்தில் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம், எலிசபெத் சிட்டி என்ற ஊர். கடலோரக் காவல்படைத் தளத்தில் ஒரு குரோம் பூச்சுப் பட்டறை இருந்தது. தரையில் விழுந்த ஓட்டை வழியாக அமிலமும் குரோமியமும் பல வருடம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. 1996-ல் அந்த நீர் ஆற்றை நோக்கி நகர்கிற பாதையில் 46 மீட்டர் நீளம், 7 மீட்டருக்குச் சற்று மேல் ஆழம், 60 சென்டிமீட்டர் அகலத்தில் பள்ளம் வெட்டி முழுக்க இரும்புத் துருவலை நிரப்பினார்கள். அது தண்ணீரை மறிக்கும் சுவர் இல்லை. தண்ணீர் அதன் ஊடே தன் போக்கில் போகும், குரோமியம் மட்டும் மூன்றாக மாறி இரும்பிலேயே தங்கிவிடும். மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. பல வருடம் கழித்துப் பார்த்தபோதும் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

இதைக் கேட்டதும் நமக்கும் ஒன்று கட்டிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது கடலோர மணல், தண்ணீர் ஒரே சீராக நகரும். நம்முடையது மேலே மண், மொரம்பு, கீழே கருங்கல். கருங்கல்லில் தண்ணீர் வெடிப்பு வழியாகத்தான் போகும், எந்த வெடிப்பு எங்கே போகிறது என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பூச்சுப் பட்டறை வளாகத்தில் வேலை செய்தபோது (இடம் வேண்டாம்) குரோமியத்தை மாற்றும் மருந்தைச் செலுத்துவதற்கு முன், தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று உப்பு விட்டுப் பார்த்தோம். 50 கிலோ கல் உப்பைக் கரைத்து ஒரு போரில் ஊற்றிவிட்டு, சுற்றியுள்ள போர்களில் மணிக்கொரு தரம் கடத்துத்திறன் மீட்டரை (தண்ணீரில் உப்பு ஏறினால் காட்டும் கருவி) இறக்கினோம். 20 மீட்டரில் இருந்த போரில் மூன்று நாளாகியும் அசைவே இல்லை. 130 மீட்டர் தள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகைப் போரில் மறுநாள் விடியற்காலையிலேயே உப்பு ஏறிவிட்டது. அந்த உப்புக்குப் பதில் நேரடியாக மருந்தை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாடு குடிக்கிற தண்ணீர் அது. அன்று முதல் பாதை தெரியாமல் ஒரு லிட்டர்கூட உள்ளே விடக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வாலாஜா மகள்

எல்லாம் சரி. நான் இந்த மண்ணில் பிறந்தவள், கோபத்தோடுதான் எழுதுகிறேன். குரோமியம் உப்பு செய்து, 1995 வாக்கில் மூடப்பட்ட ஆலையின் கழிவுக் குவியல் இன்னும் இருக்கிறது. ஒன்றரை லட்சம் டன் என்கிறது ஒரு கணக்கு, இரண்டே கால் லட்சம் டன்னுக்கு மேல் என்கிறது இன்னொன்று. 2006-ல் உலகத்தின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு அமெரிக்க அமைப்பு பட்டியல் போட்டபோது அதில் எங்கள் ராணிப்பேட்டை பெயர் இருந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1996-ல் தீர்ப்பளித்ததே, அது எங்கள் வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில்தான். இத்தனைக்குப் பிறகும் "இருந்த இடத்திலேயே" என்று பேசினால் எனக்குக் கேட்பது ஒன்றுதான்: உங்களை அப்படியே விட்டுவிடுகிறோம் என்று. அள்ளிக்கொண்டு போங்கள்!

கெமிஸ்ட்ரி வாத்தியார்

அம்மா, உங்கள் கோபம் நியாயம். ஆனால் ஒன்றரை லட்சம் டன் என்றால் 15 டன் லாரியில் 10,000 நடை. உலர்ந்த கழிவு புழுதியாகப் பறக்கும். மூச்சில் போகிற குரோமியம் 6 நுரையீரலுக்கு நேரடி ஆபத்து. அபாயக் கழிவுக்கான புதைகிடங்கு என்றால் கும்மிடிப்பூண்டி. அங்கேயும் மனிதர்கள்தானே இருக்கிறார்கள்?

வாலாஜா மகள்

அதை யோசிக்காமல் இல்லை, ஐயா. ஆனால் இங்கே இருப்பவர்களும் மனிதர்கள்தான். முப்பது வருடமாக.

ஊற்றுக்கண்

அக்கா, "இருந்த இடத்திலேயே" என்ற பேச்சுக்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நிலத்துக்குள் போய்விட்ட தண்ணீரை நீங்கள் நினைத்தாலும் அள்ள முடியாது, அதை அங்கேயேதான் சரிசெய்தாக வேண்டும். மேலே இருக்கிற குவியல் வேறு. அதை எடுப்பதா மூடுவதா என்று சண்டை போடலாம். ஆனால் அதை ஒன்றும் செய்யாமல் கீழே தண்ணீரை மட்டும் சுத்தம் செய்கிறேன் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால், குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை அது. அந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்.

குவியலைப் பற்றி இன்னொன்று. குரோமைட் தாதுவைச் சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துச் சூளையில் வறுத்து, தண்ணீரில் கரைத்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் இந்தக் கழிவு. கடுங்காரம், பிஎச் 11, 12 என்று நிற்கும். உள்ளே ஒட்டிக்கிடக்கும் குரோமியம் 6 ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கம் இதே மாதிரி ஆலை 1968-ல் மூடியது. கழிவை ஊரெல்லாம் பள்ளம் தூர்க்கப் போட்டிருந்தார்கள். 2021-லும் அங்கே ஒரு ஓடை பளீரென்று பச்சையாக ஓடியது.

இப்போது அன்னபேதிக்கு வருகிறேன், இதைத்தான் அந்த மூட்டைக்காரரிடம் சொல்ல வேண்டும். அதே கிளாஸ்கோ கழிவில் ஃபெரஸ் சல்ஃபேட் விட்டு ஆராய்ந்ததை 2003-ல் வெளியிட்டார்கள். குரோமியம் கசிவது குறையவில்லை, கூடியது! காரணம் இதுதான். அவ்வளவு காரத்தில் இரும்பு உள்ளே போகும் முன்பே துருவாகப் படிந்துவிடுகிறது. கூடவே போன சல்ஃபேட் மட்டும் உள்ளே போய், கனிமத்துக்குள் உட்கார்ந்திருந்த குரோமேட்டை, அதாவது குரோமியம் 6-ஐ, தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்கிறது. பூச்சுப் பட்டறை நீரில் மருந்தாக இருக்கிற அதே உப்பு, இந்தக் குவியலில் விஷத்தை எழுப்பிவிடுகிறது. கால்சியம் பாலிசல்ஃபைடு என்ற வேறொரு மருந்து இப்படிப்பட்ட கழிவில் மேலாக வேலை செய்கிறது. அதுவும் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

பாலாற்றுக்காரன்

ஊற்றுக்கண் சார், படித்துவிட்டு மூட்டைக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு கேள்வி. எங்கள் ஊரில் எல்லோரும் டேனரியைத்தான் திட்டுகிறார்கள். மஞ்சள் அதிலிருந்து வருகிறதா?

கெமிஸ்ட்ரி வாத்தியார்

தோல் பதனிடுவதில் பயன்படுத்துவது குரோமியம் 3, தம்பி. அந்தக் கழிவுநீர் மஞ்சளாக இருக்காது. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மூன்று மெல்ல ஆறாக மாறலாம் என்பது உண்மைதான், ஆனால் கிணறே மஞ்சளாகிற அளவுக்கு என்றால் குரோமேட் செய்த இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதற்காக டேனரிக்கு நற்சான்று கொடுக்கவில்லை. பாலாற்றுப் படுகையில் அவை விட்டுப்போன பெரிய சேதம் உப்பு. தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பு அத்தனையும் தண்ணீரில் இறங்கி டிடிஎஸ்ஸாக நிற்கிறது. உப்பை எந்தக் கிருமியும் தின்னாது, எந்த இரும்பும் பிடிக்காது. நல்ல மழையும் ஆற்றில் ஓடுகிற தண்ணீரும்தான் அதைக் கழுவ வேண்டும். நிலத்துக்குள்ளேயே சரிசெய்கிறேன் என்று யாராவது உப்புக்கு மருந்து விற்றால் விரட்டிவிடுங்கள்.

சுன்னாகத்துக் கிணறு

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கட சுன்னாகம் கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மின் நிலையத்துக் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, கிணற்றில் வாளியை விட்டால் எண்ணெய்ப் படலத்தோடு வரும். 2019-ல் உயர் நீதிமன்றம், அதாவது இலங்கையின் உச்ச நீதிமன்றம், இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. எங்களுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், முழுக்கப் பொந்தும் வெடிப்பும். குடாநாட்டுக்கு அந்த நிலத்தடி நீரை விட்டால் வற்றாத ஆறோ ஏரியோ இல்லை. எண்ணெயைக் கிருமிகள் தின்றுவிடும், காற்று மட்டும் செலுத்தினால் போதும் என்று சொல்கிறார்களே, அது மெய்யா?

ஊற்றுக்கண்

மெய்தான், பாதி. எண்ணெய் கரிமப் பொருள் என்பதால் பிராணவாயு கிடைத்தால் மண்ணில் இருக்கிற நுண்ணுயிரிகள் அதைத் தின்று கரியமில வாயுவும் தண்ணீருமாக மாற்றும். குரோமியத்துக்கு இல்லாத கொடுப்பினை இது, உலோகத்தை யாரும் தின்று தீர்க்க முடியாது, உருவை மட்டுமே மாற்றலாம். ஆனால் தண்ணீர் மேல் தனியாக மிதக்கும் எண்ணெயை முதலில் உறிஞ்சி எடுத்தாக வேண்டும். அதற்குப் பிறகு மிஞ்சுவதுதான் கிருமிகளுக்கு. கனமான எண்ணெய் என்றால் இன்னும் மெதுவாகும். கிணற்றைக் கலக்கி இறைத்தால் படலம் போய்விடும், ஆனால் பொந்துகளில் ஒட்டியிருப்பது மழைக்கு நீர்மட்டம் ஏறும்போது திரும்ப வரும். அதனால் ஒரு சோதனையில் எண்ணெய் இல்லை என்று வந்ததை வைத்து முடிந்தது என்று யாரும் எழுதிக் கொடுக்க விடாதீர்கள். நீர்மட்டம் ஏறும்போதும் இறங்கும்போதும் பார்க்க வேண்டும்.

சுன்னாகத்துக் கிணறு

நன்றி அண்ணை. மாரிக்குப் பிறகுதான் எங்கட கிணற்றிலும் திரும்ப வந்தது. இப்பதான் காரணம் விளங்குது.

வாலாஜா மகள்

சரி, ஊற்றுக்கண். நீங்களே பொறுப்பில் இருந்தால் எங்கள் ஊருக்கு என்ன செய்வீர்கள்? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

ஊற்றுக்கண்

சொல்கிறேன் அக்கா. முதல் மழைக்கு முன் குவியல் மேல் தண்ணீர் படாமல் களிமண்ணும் தடித்த பாலித்தீன் விரிப்பும் போட்டு மூடி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மழைநீரைத் திருப்புவேன், கசிவைத் தனியாகப் பிடித்துச் சுத்திகரிப்பேன். இந்தக் கழிவு வருடக் கணக்கில் உப்பிப் பெருகும் குணமுள்ளது, அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இதன் மேல் கட்டிய தளங்களும் சுவர்களும் வெடித்திருக்கின்றன. அதனால் மூடியதோடு போய்விட முடியாது, மூடாக்கை வருடா வருடம் பழுது பார்க்க ஆளும் பணமும் வேண்டும்.

கூடவே கீழ்ப்பக்கக் கிணறுகளுக்கு வேறு குடிநீர். இது சுத்திகரிப்புத் திட்டத்துக்குப் பிறகு வருகிற சலுகை கிடையாது, முதல் நாள் வேலை.

அப்புறம்தான் நிலத்துக்குள். குவியலை விட்டு விலகி, காரம் குறைந்த இடத்தில் மொரம்பு மண்ணுக்குள் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு மாதிரி இனிப்பான கரைசலைச் செலுத்தலாம். கிருமிகள் அதைத் தின்னும்போது பிராணவாயு தீரும், அந்த நிலையில் குரோமியம் 6 மூன்றாகி மண் துகளில் ஒட்டிக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் ஹிங்க்லி என்ற ஊரில் 1952 முதல் 1966 வரை குளிர்விப்புக் கோபுரத்தில் போட்ட குரோமியம் மண்ணில் இறங்கியது. அங்கே எத்தனால் செலுத்தி இதைத்தான் செய்கிறார்கள். இன்னொரு வழியாக, அந்த நீரை இறைத்துக் குதிரைமசால் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள், வயல் மண்ணே ஆறை மூன்றாக்கிவிடுகிறது. வழக்கில் 1996-ல் 33.3 கோடி டாலர் கொடுத்து முடித்த ஊர் அது. பணமும் கண்காணிப்பும் இருந்தும் வேலை பத்தாண்டுகளைத் தாண்டி ஓடுகிறது.

பக்க விளைவையும் சொல்லியாக வேண்டும். பிராணவாயு தீர்ந்த இடத்தில் மாங்கனீசு, இரும்பு, ஆர்சனிக் கரைந்து எழும். நான் சொன்ன வளாகத்தில் இரண்டாவது மாதம் போர்த் தண்ணீர் கறுத்து அழுகின முட்டை நாற்றம் அடித்தது. குரோமியம் போய்விட்டது என்று கைதட்டியவர்கள் அந்த பக்கெட்டைப் பார்த்ததும் வாயடைத்துப் போனார்கள். கொஞ்சம் தள்ளிப் போகப் போக அது தணிந்தது. ஆனால் அந்த "கொஞ்சம் தள்ளி" என்பதற்குள் யாருடைய கிணறும் இருக்கக்கூடாது. அதனால்தான் கண்காணிப்புக் கிணறுகள், மழைக்கு முன்னும் பின்னும் சோதனை, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுவது, இது மூன்றும் இல்லாத திட்டத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

வாலாஜா மகள்

சுவரில் ஒட்டுவது. அதை மட்டும் செய்திருந்தால் என் அம்மா அந்தத் தண்ணீரை இத்தனை வருடம் குடித்திருக்க மாட்டார். நன்றி. நான் இன்னும் அள்ளிக்கொண்டு போகத்தான் சொல்வேன், ஆனால் நீங்கள் சொன்னது புரிகிறது.

பாலாற்றுக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி பாட்டில்களில் எழுதி ஒட்டி, எங்கள் பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தோம். அக்காவின் மாமியாரும் கூட வந்தார். எங்கள் கண் முன்னாலேயே சொட்டு விட்டார்கள். கிணற்றுத் தண்ணீர் சட்டென்று ஊதாவாகிவிட்டது. போர்த் தண்ணீர் இளஞ்சிவப்பு. மூன்றாவது பாட்டில், எதிர்த்த தெருவில் ஒரு பழைய கிணறு, நிறமே மாறவில்லை. அந்தக் கிணறு எங்கள் கிணற்றைவிடக் குவியலுக்குப் பக்கம்! ஊற்றுக்கண் சார் சொன்ன வெடிப்புக் கதை அப்போதுதான் மண்டையில் ஏறியது. மாமியார் எதுவும் பேசவில்லை, அந்த மூன்று குழாயையும் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிணற்றுக்கு வலை போட்டு மூடிவிட்டோம். போர் மோட்டாரின் ஸ்டார்ட்டரைக் கழற்றி வைத்தாயிற்று. ரிக் வண்டி அண்ணன் வருகிற ஞாயிறு கேமராவோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பைப் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்க. தெருவில் உள்ள 23 கிணறுகளுக்கும் பாட்டில் வாங்கியிருக்கிறேன். ஆழம், நீர்மட்டம், தேதி எழுத ஒரு நோட்டும் போட்டிருக்கிறோம், எழுதுவது அக்கா மகள். அடுத்த எடுப்பு ஆடியில், அதற்கடுத்தது மழை முடிந்ததும். நோட்டில் வேறு என்னென்ன பத்தி இருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இப்போதே கோடு போட்டுவிடுவோம்.

ஊற்றுக்கண்

கடத்துத்திறனும் பிஎச்சும் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்த தெருக் கிணற்றை மட்டும் மாதம் ஒரு முறை பாருங்கள், அங்கே நிறம் மாறுகிற நாள் நமக்கு உடனே தெரிய வேண்டும். அதைத்தான் இப்போது எத்தனை வீடு குடிக்கிறது?

பாலாற்றுக்காரன்

பதினொன்று.